மார்கரெட் அக்கா கேட்டுச் சொல்வார்

தக்காளி வாங்கக்கூட இயேசுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மார்கரெட் அக்கா பையை நீட்டுவார் என்று மஸ்கட்டில் என் பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னார். அவருக்கு அதைச் சொன்னவர், பட்டிபுலத்தில் அந்த ஃபிளாட்காரரின் வீட்டுத் தென்னைகளுக்குத் தண்ணீர் விடும் மணி. "செங்கல்பட்டுல ஒரு மனுஷன் கட்டிக்கிறியான்னு கேட்டுட்டு, போன கிறிஸ்மஸ்லேர்ந்து நின்னுகினு கீறாரு. இந்தம்மா இன்னும் மேல கேட்டுகினே கீது" என்பது மணி கொடுத்த உபரிச் செய்தி.

ஊருக்கு வந்து விசாரித்தேன். தக்காளி பொய். மற்றது நிஜம்.

அக்கா செய்யும் தொழிலுக்குப் பெயர் கிடையாது. மாமல்லபுரம் சாலையில் வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்து கவலைப்படும் என்னைப் போன்றவர்களின் வீடுகளை அவர் முறை வைத்துத் திறந்து மூடுகிறார். காற்று போக ஜன்னல்களைத் திறப்பார். துருத் தண்ணீர் போய்த் தெளிகிறவரை குழாய்களை ஓடவிடுவார். உப்புக் காற்றில் இறுகிய பூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். நிற்கும் கார்களைக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார், ஓட்டத் தெரியாது.

செய்தியில் மழை என்று பார்த்தாலே நான் மஸ்கட்டிலிருந்து போன் செய்துவிடுவேன்.

"அக்கா, மாடி பாத்ரூம் ஜன்னல்..."

"சாத்திதான் கீது தம்பி. உன் வூடு எங்கயும் ஓடிப் பூடல. நேத்து இருந்த எடத்துலயேதான் கீது."

இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். சாவிகளில் பெயர் எழுதமாட்டார். தொலைந்தால் எடுத்தவன் நேரே வந்து திறந்துவிடுவானாம். அதற்குப் பதில் ஒவ்வொரு சாவியிலும் ரவிக்கைத் துணியில் கிழித்த ஒரு துண்டு. என் வீடு பச்சை. பக்கத்து ஃபிளாட்காரர் வீடு கத்தரிப்பூ நிறம். ஒரு நிறம், ஒரு குடும்பம். பூஞ்சேரியில் இருக்கும் அவருடைய சொந்த வீட்டுச் சாவிக்கு மட்டும் துணி இல்லை.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இன்னிக்கு இன்னா?" என்பார். கண்ணை மூடுவதில்லை. சற்று நின்றுவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார்.

"பதில் வந்துச்சாக்கா?"

"வந்துச்சே. வேலையப் பாரு, அந்தத் தம்பிகிட்ட வாய் குடுக்காதன்னாரு."

பெரிய விஷயங்கள் இவ்வளவு சுருக்கமாக முடிவதில்லை. கணவர் இறந்து பல வருடங்கள். ஒரே மகள் கவியா பன்னிரண்டாவது முடித்தபோது அடுத்து என்ன படிப்பு என்று அக்கா கடவுளிடம் அடையாளம் கேட்டார். கேட்காமலே யாராவது வீட்டுக்கு மீன் கொண்டுவந்தால் நர்சிங். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், எனக்காக ஜெபியுங்கள் என்று இதையும் விவரமாகச் சொல்லிவைத்தார். மறுநாள் விடிந்ததும் சபையின் நான்கு சகோதரிகள் தனித்தனியே மீனோடு வந்து நின்றார்கள்.

"அதுல ஒருத்தி வஞ்சிரம் தம்பி! ஜென்மத்துல யாருக்கும் ஒரு நெத்திலி குடுத்தவ இல்ல. அப்பவாவது எனக்கு ஒறைக்க வேணாமா?"

உறைக்கவில்லை. கவியா நர்சிங் சேர்ந்தாள், ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மயங்கி விழுந்தாள், முதல் வருடமே பெட்டியோடு திரும்பிவிட்டாள். பிறகு பி.காம். படித்து, இப்போது நாவலூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அக்கா அடையாளம் கேட்பதை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் கேட்பார், காத்திருப்பார், அவ்வளவுதான். கூட்டத்தில் மூச்சு விடுவதில்லை.

மணி சொன்ன செங்கல்பட்டு மனுஷன் ஜெபசிங், பள்ளி வேன் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். செங்கல்பட்டு சபை மக்களைக் கடற்கரைக் கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்த அன்று அக்காவின் இடுப்பைப் பார்த்து, "இவ்ளோ சாவில உங்க வீட்டு சாவி எதுங்க?" என்று கேட்டார். அக்கா தேடினார். சட்டென்று அகப்படவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போதகர் மூலமாக முறைப்படி கேட்டு அனுப்பினார். பூஞ்சேரிக்கே வந்துவிடுவதாகவும், இந்தப் பக்கம் ஒரு பள்ளி வேன் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"கேட்டுட்டு சொல்றேன்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து ஜெபசிங் தினமும் மாலையில் போன் செய்கிறார். அங்கே மழையா, சாப்பிட்டாச்சா என்பார். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. ஒரு வருடம் தாண்டி, இந்த ஜனவரியில் போதகர்தான் பொறுமை இழந்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் கல்யாணமே கிடையாது. சனிக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள் என்றார். சீட்டு எழுதிப் போட்டு எடுத்துவிடலாமே என்றார் அவர் மனைவி.

"ஏலச்சீட்டா இது, குலுக்கி எடுக்க?" என்று அக்கா எழுந்து வந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன். சமையலறை மேடையில் என் வாசல் பூட்டை வைத்து அக்கா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாவலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கவியா, தண்ணீர் குடித்த கையோடு ஆரம்பித்தாள்.

"கேட்டாச்சா இல்லியாம்மா?"

"கேட்டுகினுதான் கீறேன்."

"இன்னா சொல்றாரு?"

"எவரு?"

"மேல கீறவரு."

அக்கா பூட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "எனக்கு அவரப் புடிச்சிருக்குடி. அதான் பயமா கீது. நமக்குப் புடிச்சத ஆண்டவர் சொல்வாரா? எம்மனசே பேசிட்டு அவர் பேர சொல்லுதோ இன்னாவோ."

கவியா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நர்சிங் உனக்கும் புடிக்கல, எனக்கும் புடிக்கல. நாலு மீன் வந்துச்சுன்னு அனுப்பின. புடிக்காததுல மட்டும்தான் அவரு கீறாரா? புடிச்சதுல இல்லியா?"

அக்கா பூட்டைக் கீழே வைத்தார். "நான் அவரக் கட்டிக்கிறதுல உனக்குக் கஷ்டமா இல்லியா?" என்றார். இத்தனை நாள் அவர் மகளிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அதுதான் என்று குரலில் தெரிந்தது.

"மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. பஸ்ஸ்டாப்லேர்ந்து வேகாத வெயில்ல நடந்து வர்றேன். அவரு இருந்தா வேன்ல வந்து கூட்டினு வருவாரு இல்ல?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்தார். இந்த முறை எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. வழக்கத்தைவிட நீளமாக நின்றார். பிறகு "சரி" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பி வந்து கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். புதுச் சாவி, பளபளவென்று.

"அடிப்பாவி அம்மா! நம்ம வூட்டு சாவிக்கு டூப்ளிகேட் போட்டே வச்சிட்டியா?"

"சும்மா போட்டு வெச்சேன். கேக்காம குடுக்கக் கூடாதில்ல?"

பைக்குள் மறுபடி துழாவி, பள்ளி வேன் மஞ்சளில் ஒரு ரவிக்கைத் துணித் துண்டை எடுத்தார். சாவியின் தலையில் இருந்த துளைக்குள் அதை நுழைக்கும்போது மேடையில் இருந்த போன் அடித்தது. திரையில் ஜெபசிங் பெயர்.

"எடும்மா! கட் ஆயிடப் போவுது!"

"இரு."

துணி வழுக்கியது, துடைத்தும் எண்ணெய் போகாத விரல்கள். போன் அதிர்ந்து அதிர்ந்து மேடையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா மஞ்சள் முனையைப் பல்லில் கடித்து, முடிச்சை இழுத்து இறுக்கினார்.