நேற்றுப் பூசிய சிமெண்ட்

சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்... தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான்.

எழுபதுகள். புதுத் துறைமுகத்துக்கு லாரி போக ரோடு தேவை. ஒரு வழி உப்பளம் பக்கமாகச் சுற்றிப் போகும். இன்னொரு வழி நேராக இந்தத் தெருவை உடைத்துக்கொண்டு போகும். தெருவுக்குப் பழமை மதிப்பு உண்டு என்று மெட்ராஸிலிருந்து தொல்லியல் ஆபீசர் வந்து பார்த்துச் சொன்னால் தெரு பிழைக்கும். இல்லையென்றால் புல்டோசர்.

நான் சிவில் டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். ஆபீசர் வருவதற்குள் வீடு வீடாக அளந்து, படம் வரைந்து வைப்பது என் வேலை.

வேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் பவளக்கல் சுவர். கடலில் இருந்து வள்ளத்தில் ஏற்றி வந்து, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. ஆபீசர் ஒருமுறை பார்த்தால் போதும்.

மூலை வீடு பிலோமினா அக்காவுடையது. அவர் கணவர் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். நான் டேப்பை இழுக்கும்போதெல்லாம் அக்கா கூடவே வருவார்.

"தம்பி, அவரு திரும்பி வரும்போது வீடு இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லும்."

"நாளான்னைக்கு ஆபீசர் வருவார்க்கா. அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். எனக்கு அப்போதெல்லாம் நின்று பேசப் பொறுமை கிடையாது.

ஆபீசர் வந்த காலையில் ஜீப்பை விட்டு இறங்கினேன்... ஈரச் சிமெண்ட் வாடை!

தெருவே பளபளக்கிறது. மூலை வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் முன்சுவர் முழுக்க சிமெண்ட் பூசி, மேலே நீலம் கலந்த வெள்ளை. ஒரு கல் கண்ணில் படவில்லை. பிலோமினா அக்கா புதுச்சேலையில் நிற்கிறார்.

"எப்பிடி இருக்கு தம்பி நம்ம தெரு? திருவிழாவுக்குக் கூட இப்பிடிப் பூசுனதில்ல."

ஆபீசர் தெருவை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னப்பா, போன மாசம் கட்டின மாதிரி இருக்கு. இதுல பாதுகாக்க என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு ஜீப் பக்கம் திரும்பிவிட்டார்.

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. கொத்தனார் விட்டுப்போன சுத்தியல் கிடந்தது. எடுத்து மூலை வீட்டுச் சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"ஏலே! கிறுக்குப் பயலே! நேத்துப் பூசுன செவருல்லா அது!"

அதுவரை 'தம்பி'யாக இருந்தவன் ஒரே அடியில் 'ஏலே' ஆகிவிட்டேன். இன்னொரு போடு. சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மூளை மடிப்பு மாதிரி வரிவரியாகப் பவளக்கல்.

ஆபீசர் திரும்பி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் கல்லைத் துடைத்தார்.

"இது மேல சிமெண்ட் பூசச் சொன்னது யாரும்மா?"

"நாங்கதான் சார். பாழடஞ்ச வீடுன்னு எழுதி இடிச்சிருவியளேன்னு..."

"இந்தப் பழைய சுவருக்காகத்தாம்மா நான் வந்ததே."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏளா, எல்லாரும் வாங்க! நேத்துப் பூசுனத எல்லாம் சுரண்டுங்க!"

ஒரு நாள் சிமெண்ட்தானே, சரியாக இறுகவில்லை. கரண்டி, கொட்டாங்குச்சி, அரிவாள்... கையில் அகப்பட்டதைக் கொண்டு பெண்கள் சுரண்டினார்கள். தெருவெல்லாம் கரகரவென்று சத்தம். அக்கா சுரண்டிக்கொண்டே என்னை ஏசினார்.

"பூச வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா வாய்முத்தா உதிர்ந்துரும்?"

"பூசப் போறோம்னு நீங்க சொன்னீங்களா?"

"நீரு எங்க நின்னீரு, சொல்லுததுக்கு?"

ஆபீசர் வெயில் ஏறும்வரை நின்று ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். ரோடு உப்பளம் பக்கமாகப் போனது. அக்காவின் கணவர் அதே வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அக்கா இப்போது இல்லை. மகன் கப்பல் வேலையில் சம்பாதித்து முன்சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டியிருக்கிறார், பாத்ரூம் மாதிரி. அன்றைக்கு வள்ளம் வள்ளமாக வந்த கல். இன்றைக்குக் கடலில் அதை எடுத்தால் கேஸ். ஊரில் எல்லோரும் பாரம்பரியம் என்று பேசுகிறார்கள், போட்டோ போடுகிறார்கள்... கல் என்னவோ டைல்ஸுக்குப் பின்னால்.

ஆனால் டைல்ஸில் கீழ்வரிசை பெயர்ந்து விழுந்து கிடந்தது.

"நல்ல கம்பெனி பசைதான் அண்ணாச்சி, ஏன் நிக்க மாட்டேங்குது?" என்றார் மகன்.

"பவளக்கல் உப்பை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும் தம்பி. சுண்ணாம்பு அதுக்கு வழிவிடும். நீங்க அடைச்சு வச்சா, அடைச்சதைத் தள்ளிடும்."

"அப்ப இப்ப என்னதான் செய்யச் சொல்லுதிய?"

"வீட்டுல தோசைக்கரண்டி இருக்கா?" என்று கேட்டேன்.