தழும்பு போயிருமா, மிஸ்?

தழும்புக்கு லேசர் அடிக்கும் தொழிலில் மெஷினை இயக்கச் சீக்கிரமே பழகிவிடலாம். "தழும்பை அழிச்சுவிட இது அழிறப்பர் இல்லை" என்று முகம் கோணாமல் சொல்லத்தான் நான் இன்னும் பழகவில்லை.

கண்டி டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் நான் தாதி. தினமும் கம்பளையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருகிறவள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் மார்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள். காயம் ஆறிய பிறகு சிலருக்குத் தழும்பு சிவந்து தடிக்கும், அரிக்கும், தோலை இழுத்துப் பிடிக்கும். லேசர் அந்தச் சிவப்பைக் குறைக்கும், தடிப்பை இளக்கும், அரிப்பை அடக்கும். அதுவும் பல தடவை வந்தால், மெதுமெதுவாக. மற்ற அற்புதங்களெல்லாம் எங்கள் மனேஜரின் விளம்பரத்தில் மட்டுமே நடக்கும். சனங்களுக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற எவருக்கும் என் பாடு விளங்கும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

நெஞ்சுப் பக்கம்

மார்பு என்ற சொல்லை எங்கள் கிளினிக்கில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'அந்த இடம்', 'மேல் பக்கம்', 'உள்ளுக்கு' என்பார்கள். மிச்சத்தை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். சில பேர் கண்ணால் மட்டும் காட்டுவார்கள்.

கலா வங்கியில் வேலை செய்யும் பெண். மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். ஆபத்தில்லாத கட்டிதான், ஆனால் வெட்டிய இடம் மண்புழு மாதிரித் தடித்து எழும்பியிருந்தது. முதல் நாள் அம்மா கூட்டி வந்தார். வரவேற்பு மேசையில் இருந்தது ஓர் ஆம்பிளை. அம்மா குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் பிரச்சினைங்க" என்றார். கடமையே கண்ணான அந்த மனிதர் இருவரையும் நேரே கீழ்மாடிக்கு, ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிட்டார். அங்கேயும் அம்மா வாய் திறக்கவில்லை. மகளையும் திறக்க விடவில்லை. வயரெல்லாம் மாட்டிக் கழற்றிய பிறகு, நீளக் கடதாசியைக் கையில் பிடித்தபடி கலா என் முன்னால் வந்து நின்றாள்.

"இதயம் நல்லா இருக்குதாம் மிஸ். இனி நான் வந்த விசயத்தைப் பார்ப்போமா?"

மொழிபெயர்ப்பாளர்

ராஜேஸ்வரி ரீச்சருக்கு மார்பின் ஒரு பக்கம் முழுவதுமே எடுத்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பேராதனையில் வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பம். கணவர் பென்ஷன் எடுத்த அரசாங்க உத்தியோகத்தர். அலுவலகம் போய்விட்டது, அதிகாரம் மட்டும் போகவில்லை. நான் ரீச்சரைப் பார்த்து, "அரிப்பு இருக்கா?" என்று கேட்டால், "இரவில கொஞ்சம் இருக்கு" என்பார் இவர். "தொட்டா நோகுதா?" என்றால், "பெரிசா நோகாது" என்பார். அப்படி ஒரு நெருக்கம்.

லேசர் அறையில் இருக்கிற எல்லோரும் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். அவரும் போட்டுக்கொண்டு, கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். லேசர் படும்போது றப்பர் பட்டியை இழுத்து விட்ட மாதிரிச் சுள்ளென்று இருக்கும். நாலைந்து அடி விழுந்ததும், "தாங்க முடியுதா ரீச்சர்?" என்று கேட்டேன். "ஓம், தாங்கலாம், நீங்கள் அடியுங்கோ" என்று கதிரையிலிருந்து பதில் வந்தது. ரீச்சர் கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். குரல் ஏறவே இல்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் வெளியில போய் இருங்கோ. வெட்டினது எனக்குத்தான்."

முகம் தெரியாத படம்

எங்கள் மனேஜர் முன்பு காணி விற்றவர். அங்கே 'ஆற்றோரக் காணி' என்று விளம்பரம் போட்டு மழைக்கு வெள்ளம் நிற்கும் நிலத்தைக் காட்டிய அனுபவம் இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது. தழும்பு இருந்த படம் ஒன்று, இல்லாத படம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பேஸ்புக்கில் போட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. தழும்பே இல்லாத படத்துக்கு எங்கே போவது என்று டொக்டர் கேட்டதற்கு, "வெளிச்சத்தை மாத்தினா சரி" என்றார்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பரீதா தாத்தாவை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார்கள். அலவத்துகொடையில் வீட்டோடு தையல் மெஷின் போட்டுக் கல்யாண உடுப்புத் தைக்கிறவர். புற்றுநோய்க்காக ஒரு பக்கத்தை எடுத்த தழும்பு அக்குள் வரைக்கும் ஓடி, கையைத் தூக்க விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மனேஜர் கதவுக்கு வெளியே நின்று, முகம் தெரியாது, பெயர் வராது, எத்தனையோ பெண்களுக்கு இது ஒரு தைரியமாக இருக்கும் என்று உருகி உருகிப் பேசினார். தாத்தா முந்தானையைச் சரி செய்துகொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல விசயம் மகன். அப்ப உங்கட வீட்டாக்கள்ற படத்தப் போடுங்க. மொகம்தான் தெரியாதே."

தேசிக்காய்

கலாவின் தழும்பு அடங்கிக்கொண்டு வந்த நேரம் பார்த்து ஒரு வரன் வந்தது. லேசரின் வேகம் அம்மாவுக்குப் போதவில்லை. யூடியூப்பில் யாரோ சொன்னபடி தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் சாற்றைத் தடவி, ஜன்னலோர வெயிலில் மகளை உட்கார வைத்துவிட்டார். தோல் வெந்து கொப்புளித்தது. டொக்டர் பார்த்துவிட்டு, இது ஆறும்வரை லேசர் கிடையாது என்று சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாட்டி என்ன?" என்று அம்மா என்னிடமே ஆலோசனை கேட்டார். லேசருக்குப் படித்த நான் கல்யாணத் தரகுக்கும் படித்திருப்பேன் என்ற நம்பிக்கை.

கலா யாரையும் கேட்கவில்லை. போனில் அந்தப் பையனிடம் தானே சொல்லிவிட்டாள். அடுத்த கிழமையே 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று தகவல் வந்தது. முன்பு நன்றாகப் பொருந்தியிருந்த அதே ஜாதகம். அன்று அவள் புண்ணைக் காட்டத் தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவளே படுக்கையில் ஏறிப் படுத்தாள்.

"அவங்க போனது நல்லது மிஸ். இனி வெயில் படாம, தேசிக்காய் படாம நிம்மதியா ஆறும்."

கோடு

பரீதா தாத்தாவின் தழும்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுத்தது, இளகியது. அதோடு வீட்டில் விடாமல் கைப்பயிற்சியும் செய்தார். ஒரு நாள் என்னைக் கண்ணாடி முன் நிற்க வைத்து, என் தோளுக்கு மேலால் அளவு நாடாவைப் போட்டுக் காட்டினார். நோவுக்குப் பிறகு அந்தக் கை அவ்வளவு உயரம் போனது அன்றுதான்.

அந்த நல்ல நேரத்தில்தான் கூட வந்திருந்த மதினி உள்ளே எட்டிப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. கிட்ட வந்து, குனிந்து, துணிக்கடையில் சேலைக்கரை பார்ப்பதுபோலத் தழும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், குற்றவாளியைப் பார்ப்பது மாதிரி. "இவ்வளவு நாள் வந்தும் கோடு ஈக்கிதே" என்றார். பதில் சொல்ல நான் வாயெடுக்கும் முன்னே, தாத்தா உடுப்பின் பொத்தானைப் பூட்டியபடி சொன்னார்:

"கோடு ஈக்கட்டும் மதினி. நானும் ஈக்கிறேனே."

தழும்பை மங்க வைக்கிற மெஷின் கண்டிக்கு வந்துவிட்டது. தழும்பைப் பார்க்க வருகிறவர்களின் வாயை மங்க வைக்கிற மெஷினைத்தான் இன்னும் எந்த நாட்டுக்காரனும் செய்து அனுப்பவில்லை.