முகம் இல்லாத தவில்காரர்

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு மேளக் குழு உட்கார்ந்திருக்கிறது. எல்லாருக்கும் முகம் உண்டு. நடுவில் தவிலோடு இருப்பவருக்கு மட்டும் கழுத்துக்கு மேல் முட்டை வடிவில் ஓர் ஓட்டை. யாரோ கத்தரியால் நிதானமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். சந்திரகிரியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது. "ஓட்ட போட்டோ எதுக்கு சார், நல்லதா ஒண்ணு எடுத்துக்கினு போங்க" என்றார் கடைக்காரர். நான் அதைத்தான் எடுத்து வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாருக்கும் படம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கருவியைப் பிடித்துக்கொண்டு காமிரா முன் நிமிர்ந்து உட்கார்ந்த பழைய வித்வான்களைப் பார்த்தால் விட்டுவர மனம் வராது. திருப்பதி அலுவலகத்தில் எங்கள் சூப்பரிண்டெண்ட் அம்மா இதற்காக என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பார். "செத்தவங்க போட்டோவா சேத்துக்கினு கீறியே, பொண்ணு போட்டோ எப்பப்பா பாப்பே?"

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது இந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ஓட்டையை அவர் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். தவில் வாசிப்பவர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடிப்பார்கள். இவர் இடது கையில் கூடு மாட்டியிருந்தார்.

"எங்க நைனாவுக்கு பீச்சாங்கைதான்பா. ஊர்ல வேற யாரும் அப்பிடி வாசிக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்லும்."

அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். மாலை போடத் தனிப்படம் இல்லை. தாயார்தான் குழுப்படத்திலிருந்து முகத்தை வெட்டி ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறார். ஸ்டூடியோக்காரர் அந்த முகத்துக்குக் கீழே கோட்டும் டையும் சேர்த்துப் பெரிதாக்கித் தந்தார். அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை. மிச்சப் படம் வீடு மாறியபோது பழைய சாமான்களோடு போய்விட்டது.

"கோட்டு போட்ட நைனாவதான் பாத்துக்கினு வளந்தேன். தவிலு எப்பிடி புடிப்பாருன்னு தெரியாது."

என்னிடம் இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடினார். சாயங்காலம் நானே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"கோட்டு போட்டோல இருக்கற முகத்த எடுத்து, கம்ப்யூட்டர்ல இதுல சேத்துடலாம் மேடம்."

"வேணாம்பா. அந்தக் கோட்டு அம்மா ஆசப்பட்டு போட்டது. நான் எப்பிடி கழட்டறது?"

இப்போது ஓய்வுபெற்று சித்தூரில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். சுவரில் கோட்டுப் படம், நெற்றியில் குங்குமம். அதற்குக் கீழே நான் கொடுத்த குழுப்படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஓட்டை ஓட்டையாகவே இருந்தது, அதன் வழியே பின்னட்டை தெரிந்தது. அந்தக் கண்ணாடியிலும் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது, விரல்கூடு மாட்டிய இடது கையின் மேல்.