தவில் இல்லாத ஒப்பாரி

நான் தவில்காரன். கல்யாணத்துக்குக் கல்யாணம் போய் அடிக்கிறவன். அப்படிப்பட்ட நான், நான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்க ஒரு ஒப்பாரி அமைத்தேன் என்றால், கூட வாசிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று. தவில் கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு மண்டபம், காலை முகூர்த்தம். கழிவறைத் தொட்டி நிரம்பி வழிந்தது. லாரி வந்து உறிஞ்ச நேரமாகும், பந்திக்குள் முடிய வேண்டும் என்று மண்டப மேனேஜர், துப்புரவு வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவரை உள்ளே இறக்கிவிட்டார். விஷவாயுவில் தம்பி மயங்கினார். தூக்கப்போன அண்ணனும் மேலே வரவில்லை. அதே மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி அலறினார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது பின்பக்கம் ஒரு பெண் அலறுகிறாள் என்பது மட்டும்தான். தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம். மூன்று முடிச்சு விழுந்ததும் நிறுத்திவிடுவோம். அன்று மேடையோரம் ஓடிவந்த மேனேஜர் ஆட்டிய விரலை இறக்கவே இல்லை. நானும் நிறுத்தவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் வந்தபோதுதான் விஷயம் காதுக்கு எட்டியது. வெட்கக்கேடு.

விழுப்புரத்தில் வயலின் வகுப்பு நடத்தும் நண்பர், நான் பாடப்பாட எழுதிக்கொண்டார். முதலில் முகாரி. அழு, அழு என்று அதட்டுவதுபோல் இருந்தது; கிழித்துப் போட்டேன். கடைசியில் நின்றது இதுதான்: செல்லோ அடியில் ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மற்ற மூன்றும் கெட்டிமேளம்போல ஏறும். உச்சத்தில் நான்கும் சட்டென்று நின்றுவிடும். நெடுநேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு வயோலா மட்டும், தனியாக.

வாசித்த அன்று, மண்டபத்தில் அலறிய அந்தம்மாவை வரச்சொல்லியிருந்தேன். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மாடி வகுப்பறையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னை மன்னித்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் கூப்பிட்டேன். அதை மறைப்பானேன்.

முடிந்ததும் கேட்டார்: "நடுவுல எல்லாரும் நிறுத்திட்டாங்களே, அது ஏங்க?"

"அது நீங்க கத்துன எடம்மா. நான் அன்னிக்கு நிறுத்தியிருக்கணும்."

கொஞ்சநேரம் என் கைகளையே பார்த்தார்.

"அப்ப உங்களுக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சும்மா."

"மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. கேட்டிருந்தா யாராச்சும் வந்திருப்பாங்கன்னு."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நேரமாவுது, வர்றேங்க என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப்போக எனக்குத் தைரியம் வரவில்லை.