ஏரிக்கரையில் முள் போட்டவர்

ஏரியூருக்கு அப்பால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சரளைப் பாதை போகிறது. மேடு பள்ளம் கிடையாது என்பதால் எங்கள் சைக்கிள் குழுவுக்கு அது பிடிக்கும். அன்று வந்த ஐந்து பேரில் நான் மட்டும்தான் பெண். முன்னால் போனவளும் நான்தான்.

பாதையின் குறுக்கே ஓர் அம்மா வேலிக்கருவை முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் முள்ளை இழுக்கும் கவைக்கோல். பேசும்போதும் வேலையை நிறுத்தவில்லை.

“வழி இல்லீங்களாக்கா?”

“இருக்குது. உங்களுக்கு இல்ல. தலையில கேமராவா?”

“எனக்கு இல்லீங்க. பின்னாடி வர்றவருக்கு இருக்கு.”

“அந்தப் பக்கம் பொம்பளைங்க குளிக்கிற எடம். போன மாசம் சைக்கிள்ல வந்தவங்க எடுத்த படம் ஊரு பசங்க போன்ல சுத்துது. அதுல எம் மருமவளும் இருக்கா. வூட்ட வுட்டு வெளிய வர்றதில்ல.”

அதற்குள் தலையில் கேமராவோடு குழுத் தலைவர் வந்துவிட்டார். கேமராவை அணைக்கச் சொன்னேன்.

“நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லம்மா” என்று அந்த அம்மாவிடம் சிரித்தார்.

“அவங்களும் பாக்க உங்களாட்டந்தான் இருந்தாங்க.”

தலைவர் ஷூவால் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தார். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த அம்மா கவைக்கோலைப் போட்டுவிட்டு அவர்கள் பின்னால் ஓடினார். “ஏய், மேல ஏறுங்கடி! சேலையச் சுத்துங்கடி! வந்துட்டானுங்க!”

ஓடி சைக்கிளை முந்திவிடலாம் என்று அவர் நம்பினாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.