தடை எதுவும் இல்ல சார்

மூன்று வருடங்களுக்கு முன், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் நடந்தது இது. அப்போது நான் அஜைல் பயிற்சியாளன். வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, தினமும் கூடிப் பேசி முடிக்கும் முறைதான் அஜைல். கல்லூரி முடித்ததும் இரண்டு நாள் வகுப்பு, ஒரு தேர்வு, கையில் சான்றிதழ், நேராகப் பயிற்சியாளன்! நடுவில் எந்தக் குழுவிலும் வேலை பார்த்ததில்லை. அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடையின் ஆன்லைன் விற்பனைக் குழுவில் ஆறு பேர். காலையில் பதினைந்து நிமிடம் எல்லோரையும் நிற்கவைத்து, நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், தடை என்ன என்று கேட்பேன்.

"நின்னுக்கினே பேசணுமா சார்? பஸ் ஸ்டாண்டா இது?" என்றார் பார்சல் கட்டும் பெண். நானும் சிரித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் முதலாளியும் வந்து நின்றார். தடை என்ன என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "யார் என்ன சொன்னாலும் ஒண்ணும் ஆகாது, தைரியமா சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் நம்பிவிட்டார்.

"மொதலாளி அண்ணன் கோயிலுக்குப் போய்ட்டு வந்து குங்குமம் வச்சாத்தான் பார்சல ஒட்டலாம். அதுக்குள்ள கூரியர் வண்டி போயிடுது சார். தெனம் இதே கததான்."

முதலாளி கீழே இறங்கிப் போனார். நான் உற்சாகமாக அதை மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. "வர வேணாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றார் பில் போடுபவர், என் முகத்தைப் பார்க்காமல்.

முதலாளியிடம் ஓடினேன். நான் கேட்டதால்தான் சொன்னார், தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"இதுக்கு முன்ன எந்தக் கடையில, எந்த ஆபீசுல வேல பாத்துக்கினு இருந்தப்பா?"

எங்கும் இல்லை என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னு என் கடையில நீ எப்பிடிப்பா சொன்ன?"

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். காலையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். "தடை எதுவும் இல்ல சார்" என்றார் முதல் ஆள். அடுத்தவரும் அதையே சொன்னார். கடைசியாக அந்தப் பெண்ணும். கீழே கூரியர் வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

அந்த வேலையை விட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குழுவில் இரண்டு வருடம் சாதாரண ஊழியனாக நின்றேன். என் மேலதிகாரி முன்னால் நானும் பல காலைகளில் "தடை எதுவும் இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மறுபடியும் பயிற்சி நடத்துகிறேன். என்னால் காப்பாற்ற முடியாத ஒரு வாக்கை நம்பி ஒருவர் வாய் திறந்தார் என்பது, அந்த மூன்றாவது கேள்விக்கு முன்னால் இன்றும் என்னை ஒரு நொடி நிறுத்துகிறது.