இடுப்பில் ஏறிய கூடை

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். சிரிப்பு வந்தால் மட்டும் அடக்கத் தெரியாது. அதற்காக நான் வாங்காத திட்டு இல்லை.

பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் கற்பித்த பேராசிரியர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், மாதத்தில் ஒரு ஞாயிறு கண்டி பஸ்ஸில் எங்கள் தோட்டத்துக்கு வருவார். பை நிறையப் புத்தகம். வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் பாய் விரித்து உட்காருவோம். அவர் கதை வாசிப்பார். பிறகு புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். "இதுகளுக்கு எதுக்குப் பொஸ்தகம்?" என்று நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தில் பேசாதவர் இல்லை. பத்துப் பெண்கள் வீட்டில் சண்டை பிடித்துத்தான் வந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்றை வாசித்தார். அதில் ஒரு பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கதை கேட்க வந்திருந்த தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் என் பக்கம் குனிந்து, "அது ஐயாவே எழுதுன கதை" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கோபித்துக்கொண்டு அவர் இனி வராவிட்டால்? இத்தனை பேரின் வாசிப்பும் என்னால் கெட்டுப்போகுமே.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சிரிச்சனீங்கள், தங்கச்சி? எங்கை பிழை?"

"கூடைய இடுப்புல வச்சா ரெண்டு கையாலயும் எப்புடிங்க ஐயா கொழுந்து எடுக்கிறது? கயித்தத் தலையில மாட்டி முதுகுலதாங்க போடுவோம்" என்றேன்.

மூலையில் கிடந்த கூடையை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். அதை இறக்கி வைத்தவர் நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த மாதம் முழுக்க எல்லோரும் என்னைத்தான் ஏசினார்கள்.

அடுத்த மாதம் நல்ல மழை. நனைந்துகொண்டே வந்தார். கையெழுத்துத் தாள்களை என்னிடம் நீட்டி, "நீங்கள் வாசியுங்கோ" என்றார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். கூடை இப்போது முதுகுக்குப் போயிருந்தது.

"இனிச் சிரிக்க ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"இருக்குங்க ஐயா. அந்தப் பொண்ணு அடமழையில கம்பளி இல்லாம நிக்கிறா."

மழைக்குத் தலையோடு போர்த்தும் கம்பளி இல்லாமல் நாங்கள் மலையேறுவதில்லை. அவர் அப்படியே பாயில் உட்கார்ந்து அதை எழுதினார். பிறகு எல்லோரையும் பார்த்து, "இனி நான் எழுதிறதை முதலிலை இவ பாக்கட்டும். பிறகுதான் அச்சுக்குப் போகும்" என்றார்.

அடுத்த மாதம் பாய் போதவில்லை. ஏசிய ஆண்களும் வந்து வாசலில் நின்று கேட்டார்கள்.

அவர் மறைந்து வெகுகாலம் ஆகிறது. அந்தக் கதை வந்த புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், மழையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்குக் கம்பளி போர்த்திவிட்டவள் நான்தான் என்று இன்றும் நிமிர்ந்து உட்காருகிறேன்.